ஓடுகிற பெல்ட் ஒன்று வேண்டும்

இப்போதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி தொழில் முனைவோர் மையம் இருக்கிறது. கண்ணாடிச் சுவர், காபி மெஷின், சுவரில் பெரிய எழுத்தில் தைரியம் சொல்லும் வாசகங்கள். அவை ஒழுங்காக நடக்கின்றனவா என்று மதிப்பிட என்னைப் போன்ற பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரு மையத்துக்குப் போயிருந்தேன். மையத்துப் பிள்ளைகள் கேள்வித்தாளைக் கையில் கொடுத்தார்கள். எத்தனை பயிற்சி நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குத் திருப்தி. பேனாவை மூடிவிட்டு வராந்தாவில் வந்து நின்றேன். எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அது எண்பதுகளின் நடுவிலிருந்தே என் வயிற்றில் கிடக்கிற எரிச்சல்.

அப்போது நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்தேன். அப்பாவுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை. பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு போகிற ரப்பர் பெல்ட்டுகளைக் கவனிக்கிற பிரிவு. பெரிய பெல்ட்டுகள் கண்ணுக்கு எட்டாத தூரம் போகும். அவற்றைக் கவனிக்க வெளிநாட்டுக் கருவிகள் உண்டு. அப்பா பார்த்தது நிலக்கரி குவித்து வைக்கும் யார்டில் ஓடுகிற சின்ன பெல்ட். அதற்கு ஆள்தான் கருவி. மழை ஈரத்திலோ பாரம் கூடினாலோ, இழுக்கிற டிரம் சுற்றும், பெல்ட் மட்டும் கூட வராமல் வழுக்கும். கவனிக்காமல் விட்டால் உரசி உரசிச் சூடாகும், புகையும். மேலே கிடப்பது நிலக்கரி. அப்புறம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். அப்பா சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் இந்த வழுக்கல் புராணத்தைக் கேட்டுக் கேட்டு, இதற்கு ஒரு பெட்டி செய்தால் என்ன என்று தோன்றியது. செய்தேன். பெல்ட்டோடு சேர்ந்து சுற்றும் உருளை ஒன்றில் வெள்ளைப் பட்டைகள் அடித்துவிட வேண்டும். எதிரில் ஒரு பல்பும், வெளிச்சத்தை உணரும் ஒரு கண்ணாடிக் கண்ணும். டிரம் சுற்றும்போது பட்டைகள் கண்ணைக் கடக்கிற வேகம் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம், பெட்டி மணி அடிக்கும். அவ்வளவுதான். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

டவுன்ஷிப்பில் அப்போது மனிதர்கள் இரண்டே வகை. பர்மனென்ட் ஆனவர்கள், இன்னும் ஆகாதவர்கள். நான் மூன்றாவது வகையாக, சொந்தத் தொழில் செய்யப்போகிறேன் என்றதும் அம்மா அழுதாள். அப்பா அழவில்லை, ஒப்பந்தம் போட்டார். நெய்வேலிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவருடைய திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை.

"ஏட்டி, நான் ரிடையர் ஆயி வீட்டைக் காலி பண்ணுததுக்குள்ள, உன் பெட்டி ஒழுங்கா வேலை செய்யுதுன்னு எங்க ஆபீசர் வாயால சொல்லணும். சொல்லிட்டாருன்னா நீ இங்கயே இருந்து என்னமும் பண்ணிக்கோ. இல்லைன்னா மறுபேச்சு பேசாம எங்ககூட ஊருக்கு வந்துரணும்."

ஊரில் எனக்காக ஒரு மாப்பிள்ளையும், மாப்பிள்ளை வீட்டு மாவு மில்லும் காத்துக்கொண்டிருந்தன. எனவே எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஓடுகிற ஒரு பெல்ட். அதில் என் பெட்டியைச் சில மாதம் கட்டி வைத்துப் பார்க்க அனுமதி. வீட்டில் நான் வைத்திருந்தது ஒரு சைக்கிள் ரிம். அதில் பட்டை அடித்துக் கையால் சுற்றி எத்தனை நாள்தான் மணி அடித்துக்கொண்டிருப்பது?

அப்பாவின் ஆபீசரை நானே போய்ப் பார்த்தேன். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். தன் சர்வீஸில் ஒரு நாளும் தனக்காக ஆபீசர் ரூம் வாசலில் போய் நின்றதில்லை என்பது அவருடைய பெருமை. அதை என்னிடம் வாரத்துக்கு ஒருமுறை சொல்வார். ஆபீசர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐடியா நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கம்பெனிப் பேர் இல்லாத பெட்டியை ஓடற பெல்ட்டுல நான் கட்ட முடியாது. பொறுப்பான ஒரு இடத்துலருந்து லெட்டர் கொண்டா, பாக்கலாம்" என்றார். நியாயமான பேச்சு. அவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை.

பொறுப்பான இடம் என்று நான் தேடிப்போனதுதான் பல்கலைக்கழகம். அங்கே புதிதாகத் தொழில் முனைவோர் மையம் திறந்திருந்தார்கள். படித்தவர்கள் கருவி கண்டுபிடித்தால் அதைத் தொழிலாக்க உதவுவார்களாம். பட்டறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சில ஷெட்டுகள். எனக்கும் ஒன்று கிடைத்தது. தினமும் மந்தாரக்குப்பத்தில் நின்று பஸ் பிடிப்பேன். பஸ் ஸ்டாப்பில் பழம் விற்கிற அம்மா முதல் நாளே கேட்டுவிட்டாள்: "இன்னா பாப்பா, யூனிவர்சிட்டில வேலையா? பர்மனெண்டா?"

மையத்தின் இயக்குநர் ஒரு பேராசிரியர். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது தொலைத்திருப்பேன். தங்கமான மனுஷர். மேஜை கேட்டால் மேஜை, ஸ்டூல் கேட்டால் ஸ்டூல், கேட்காமலே டீ. முதல் வாரமே என் பெயரும் ஒரு கம்பெனிப் பெயரும் போட்டு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். "சார், சுரங்கத்துக்கு ஒரு லெட்டர்" என்று வாயெடுத்தால் மட்டும், "நிச்சயமா எழுதிடலாம்மா. முதல்ல பயிற்சி முடியட்டும்" என்பார்.

பயிற்சி. அதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். தரையில் ஒரு மரக்குச்சியை நட்டார். எங்கள் கையில் கயிற்று வளையங்களைக் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் நின்று குச்சியில் மாட்டும்படி வீசுங்கள் என்றார். நாங்கள் வளர்ந்த ஆட்கள். ஒருவர் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்கிறவர், பிள்ளை குட்டிக்காரர். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வளையம் வீசினார். நான் கிட்டப் போய் நின்று எல்லா வளையத்தையும் மாட்டினேன். மெட்ராஸ்காரர் முகம் வாடிவிட்டது. "நீங்க ரிஸ்க் எடுக்க மாட்டேங்கறீங்க" என்றார். "வளையம் விழணும்னுதானே சார் போடறது?" என்றேன். ஏதோ குறித்துக்கொண்டார்.

அது முடிந்ததும் திட்ட அறிக்கை எழுதும் வகுப்பு. அது முடிந்ததும் சந்தைப்படுத்தல் பற்றி, சோப்பு கம்பெனியில் ரிடையர் ஆன ஒருவரின் சொற்பொழிவு. சோப்பு வாங்குகிறவள் உறையைப் பார்த்துத்தான் வாங்குகிறாள் என்றார். என் பெட்டிக்கு என்ன உறை போடுவது என்று ஸ்டெபிலைசர்காரர் என் காதில் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் ரிடையர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. பந்தியில் உட்கார வைத்து ஊறுகாய், அப்பளம், பாயசம் எல்லாம் பரிமாறிவிட்டு, சோறு மட்டும் அடுத்த மாசம் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் இயக்குநர் தானே என் ஷெட்டுக்கு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. மையத்தை மதிப்பீடு செய்ய டெல்லியிலிருந்து குழு வருகிறதாம். அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் மையத்துக்கு மேற்கொண்டு பணம் வருமாம். "அவங்களுக்குக் காட்டற மாதிரி நம்மகிட்ட இருக்கறது உன் பெட்டிதான்மா. சுரங்கத்துலயே வச்சுக் காட்டிடுவோம். நான் போன்ல பேசிட்டேன், அனுமதி கிடைச்சாச்சு."

இத்தனை மாதம் நான் காலில் விழாத குறையாகக் கேட்டது ஒரு போனில் முடிந்துவிட்டது. சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று தெரியவில்லை. என்றைக்கு சார் என்றேன்.

"ஆயுதபூஜை அன்னிக்கு."

"சார், ஆயுதபூஜைக்கு பெல்ட்டெல்லாம் நிக்கும் சார்."

"தெரியும்மா. அன்னிக்குத்தான் குடும்பத்தோட எல்லாரையும் உள்ள விடுவாங்க, பாஸ் தொல்லை இல்ல. நல்ல நாளும் ஆச்சு. பூஜை முடிஞ்சதும் ஒரு தரம் ஓட்டிக் காட்டுவாங்கல்ல, அந்த அஞ்சு நிமிஷம் நமக்குப் போதும்."

"எனக்குப் போதாது சார். எனக்கு மாசக்கணக்குல ஓடணும்."

"முதல்ல இது முடியட்டும்" என்றார். பயிற்சி முடியட்டும் என்று சொன்ன அதே குரல்.

பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் பெட்டியைக் கட்டப் போனேன். பெல்ட்டை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பாவோடு வேலை பார்க்கிற ஒருவர் எனக்கு உதவினார். மந்தாரக்குப்பத்துக்காரர், அப்பாவை அண்ணா என்பார், என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும். உருளையில் பட்டை அடித்தோம், பல்பையும் கண்ணையும் எதிரெதிராக நிறுத்தினோம். ஆனால் ஓட்டிப் பார்க்க முடியாது. கழுவி முடித்த மெஷினைப் பூஜைக்கு முன்னால் ஓட்டமாட்டார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜ பெல்ட் பக்கத்தில் என் பெட்டி. அந்த பெல்ட்டும் நின்றுகொண்டிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூஜையே கொடுக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே போய்ப் பெட்டியைச் சரிபார்க்க நினைத்தேன். இயக்குநர் விடவில்லை. குழுவோடு ஜீப்பில்தான் வரவேண்டும் என்றார். போய்ச் சேர்ந்தபோது பூஜை முடிந்துவிட்டிருந்தது. யார்டெங்கும் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், உடைத்த பூசணி. அம்மாக்களும் பிள்ளைகளும் புதுத்துணியில் மெஷின்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். பெல்ட்டுக்கும் டிரம்முக்கும் பெரிய பெரிய மாலை. என் பெட்டிக்கும் ஒரு சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

குழுத் தலைவர் டெல்லிக்காரர், தமிழ் தெரியாது. வெயில் தாங்காமல் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். இயக்குநர் ஒரு படத்தை விரித்துப் பிடித்து, என்னை அவருக்கு விளக்கச் சொன்னார். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பெல்ட்டை ஓட்டிவிட்டார்கள். பெல்ட் நன்றாக எடுத்து ஓடியது. மேலே பாரமே இல்லை, வழுக்க வழியே இல்லை. அப்படியிருக்க என் பெட்டி மணி அடித்தது. அடித்தது என்றால் அப்படி இப்படி இல்லை, விடாமல் அடித்தது.

குழுத் தலைவர் கை தட்டினார். அவர் தட்டியதும் இயக்குநர் தட்டினார். அவரைப் பார்த்து அம்மாக்களும் பிள்ளைகளும் தட்டினார்கள். மணி அடிக்கிற பெட்டி என்று சொன்னார்கள், மணி அடிக்கிறது, பின்னே என்ன?

ஓடிப்போய் மாலையை விலக்கினேன். கண்ணாடிக் கண்ணின் நட்டநடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"யாரு வச்சது?"

மந்தாரக்குப்பத்துக்காரர் பெருமையாக முன்னால் வந்தார். "நான்தான் பாப்பா. எல்லா மெஷினுக்கும் வெச்சிகினு வந்தோமா, உன்துக்கு மட்டும் வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? நடுவுல நெத்தி மாதிரி ரவுண்டா இருந்திச்சி, அங்கயே வெச்சேன்."

அவரை என்ன சொல்லித் திட்டுவது? என் பெட்டியையும் ஒரு மெஷின் என்று மதித்த ஆள் அந்த யார்டிலேயே அவர் ஒருவர்தான். பொட்டை அழித்தேன். பெட்டி பட்டைகளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. நான் குழுத் தலைவரிடம் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இந்த மணி தப்பாக அடித்தது, பெல்ட் வழுக்கவில்லை, இந்த மாதிரித் தப்பையெல்லாம் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நீண்ட நாள் சோதனை வேண்டும் என்று கத்தினேன். பெல்ட் இரைச்சலில் அவர் காதைக் குவித்துக்கொண்டு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். என்ன சார் சொன்னீங்க என்று இயக்குநரைக் கேட்டேன். "பொண்ணு ரொம்ப உணர்ச்சிவசப்பட்டிருக்கான்னு சொன்னேம்மா. பொய்யா?" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கெஸ்ட் ஹவுஸில் மதிப்பீடு. குழுவில் தமிழர் ஒருவர் இருந்தார், வயதான இன்ஜினியர். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். இடம் கொடுத்தார்களா? கொடுத்தார்கள். பயிற்சி? கொடுத்தார்கள். ஆலோசனை? ஐயோ, அள்ளி அள்ளி. "உற்பத்தி இடத்தில் கருவி செயல்முறை விளக்கம் காட்டப்பட்டதா?"

"காட்டினோம் சார். ஆனா தப்பா அடிச்சது. மையம் எனக்கு வேற எதைக் குடுத்தும் பிரயோஜனம் இல்ல சார். ஓடற பெல்ட் வாங்கித் தரணும், அதைத்தான் தரல. அதை எழுதிக்கோங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "புரியுதும்மா. ஆனா இதுல ஆம், இல்லைன்னுதான் கட்டம் இருக்கு. 'ஆனா'வுக்குக் கட்டம் இல்ல."

"ஓரத்துல எழுதுங்க சார்."

"ஓரத்துல எழுதினதை யாரும் கூட்டமாட்டாங்கம்மா" என்றார். பாவம், அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆம் என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அந்த வாரமே கண்ணுக்கு மேல் தொப்பி மாதிரி ஒரு தகர மூடி செய்து பொருத்தினேன். சந்தனம், தூசி, மழைத்துளி எதுவும் நேராகப் படாது. அதை எடுத்துக்கொண்டு ஆபீசரிடம் போனேன். அவர் அன்று யார்டில் இருந்தவர், நடந்தது முழுக்கத் தெரிந்தவர்.

"சும்மா சும்மா அடிக்கிற மணி, மணியே இல்லாததை விட மோசம்மா. நாலு தடவை தப்பா அடிச்சா பசங்க துணியச் சுத்தி அதை அடக்கிடுவாங்க. அப்புறம் நிஜமா அடிக்கும்போது எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு பண்ணு. போன தடவை சோதனை சரியா நடக்கல, இன்ன காரணம், சரி பண்ணியாச்சு, மறுபடி செய்யணும்னு யூனிவர்சிட்டியிலருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. கட்டிப் பாக்கலாம்."

மூன்றே வரி. பறந்துகொண்டு போனேன். இயக்குநர் டீ வரவழைத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"அம்மா, சோதனை வெற்றின்னு டெல்லிக்கு அறிக்கை போயிடுச்சு. இந்த மையத்தோட முதல் வெற்றியே நீதான். உன்னை வச்சுத்தான் அடுத்த வருஷத்துக்குப் பணம் வரப்போகுது. இப்ப நீ தோத்துட்டேன்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

"சார், தோத்ததாலதான் சார் மறுபடி கட்ட விடுவாங்க."

"ஜெயிச்சவங்களுக்கு எதுக்கும்மா மறுபடி சோதனை?"

அன்றைக்கு அந்த அறையில் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத வேண்டுமென்றால் இந்தத் தாள் தாங்காது. திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். நான் தோற்றேன் என்று ஒரு ஆள் ஒப்புக்கொண்டால்தான் எனக்கு வழி திறக்கும். அந்த மையத்தில் அதை ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனசில்லை. எல்லாருக்கும் என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஷெட் சாவியை அவர் மேஜைமேல் வைத்தேன். "எதுக்கும்மா, இன்னும் காலம் இருக்கே" என்றார். எனக்கு இல்லை சார் என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை நானே எழுதினேன். விசிட்டிங் கார்டில் இருந்த கம்பெனிப் பெயரைத் தலைப்பில் போட்டு, என் பெட்டி சோதனையில் தோற்றது, காரணம் கண்மேல் சந்தனம், இப்போது மூடி போட்டிருக்கிறேன், மறுபடி கட்ட அனுமதி வேண்டும் என்று எழுதினேன். மாலை ஷிப்ட் முடித்து வந்த அப்பா அதை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். காலையில் நான் கிளம்பும்போது அவரும் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆபீசர் ரூம் வாசலில் என் பக்கத்தில் நின்றார். காக்கிச் சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு, வெறுமனே நின்றார்.

ஆபீசர் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என் பொருள் தோத்துப் போச்சுன்னு கம்பெனிக்காரங்களே எழுதிக் குடுத்து நான் பார்த்ததில்ல" என்றார். "மணி மட்டும்தான். பெல்ட்டை நிறுத்தற ஒயர்ல எதையும் தொடக்கூடாது. கட்டிக்கோ."

கட்டினேன். எனக்கு ஓடுகிற பெல்ட் கிடைத்துவிட்டது. இனிமேல் என்ன கவலை என்று நினைப்பீர்கள். கவலையே அதற்குப் பிறகுதான். பெட்டி வாயே திறக்கவில்லை. அந்த வருஷம் பார்த்து ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது, பெல்ட் வழுக்கவே இல்லை. வெயில், புழுதி, இரவு பகல், மூன்று ஷிப்ட், தப்பாகக்கூட ஒரு தடவை அடிக்கவில்லை. பொங்கல் வந்து போனது, சித்திரை வந்து போனது. அப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் உதட்டைப் பிதுக்குவார். ஆபீசரிடம் போய், தப்பா அடிக்கலையே சார், ஒழுங்கா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "தப்பா அடிக்காதுன்னு தெரிஞ்சிடுச்சு. சரியா அடிக்குமான்னு தெரியலையே. அதுக்காக ஓடற பெல்ட்டை நானே வழுக்க விட முடியுமாம்மா?" என்றார். இதுவும் நியாயம். நியாயமான ஆட்களிடம் மாட்டிக்கொண்டால் எரிச்சலைக் காட்டக்கூட இடமிருக்காது.

இதற்கு நடுவில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. வெற்றி பெற்ற தொழில் முனைவோராகப் புது மாணவர்களுக்குப் பேச வேண்டுமாம். அதைச் சுக்குநூறாகக் கிழித்தேன். அம்மா, ஏதாவது சர்க்கார் காகிதமாக இருந்துவிடப் போகிறது என்று பயந்து அதைப் பொறுக்கி ஒட்டப் பார்த்தாள்.

அப்பா ரிடையர் ஆனார். மாலை போட்டுக் காரில் கொண்டுவந்து விட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கொடுத்த தவணையும் முடிந்தது. ஊருக்குப் போக லாரி வந்து நின்றது. அதற்கு முந்தின ராத்திரி கோடை மழை கொட்டித் தீர்த்திருந்தது, குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கச் சேறு. அப்பா ஒவ்வொரு சாமானாக லாரியில் ஏற்றச் சொன்னார். பீரோ, கட்டில், கிரைண்டர். அப்புறம் என் சூட்கேஸ், என் மேஜை, சைக்கிள் ரிம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அம்மா வெறும் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது மந்தாரக்குப்பத்துக்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வருகிறார், காக்கி உடுப்பெல்லாம் சேறு. வழியனுப்ப வந்திருக்கிறார் என்று நினைத்து அப்பா, "வாய்யா, காபிகூட போட முடியாது, ஸ்டவ்வை ஏத்தியாச்சு" என்றார்.

"காபி கெடக்கட்டும்ணா. பாப்பா எங்க?" இறங்கிய வேகத்தில் சைக்கிளை அப்படியே கீழே போட்டார். "பாப்பா, உன் பெட்டி அடிச்சிச்சி. விடியக் காத்தால அடிச்சிச்சி. நான் டீ குடிச்சிகினு இருந்தேன், இன்னாடா இது சும்மா அடிக்குதான்னு போய்ப் பாத்தா, மெய்யாலுமே வழுக்கிகினு இருக்குது. டிரம்மு கிட்ட கை வெக்க முடியல, அவ்ளோ சூடு. நிறுத்திட்டோம். ஆபீசரு வந்து பாத்தாரு. இந்தப் பொண்ணு ஊருக்குப் போறதுக்குள்ள புடிச்சி நிறுத்துடா, இன்னும் ரெண்டு பெட்டி வோணும்னு சொல்றா அப்படின்னாரு."

நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும், அவள் இப்போது இல்லை.

அப்பா லாரிமேல் ஏறினார். ரிடையர் ஆன மனுஷர், டிரைவர் உதவப் போனதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். மேஜையைத் தானே இறக்கினார். சைக்கிள் ரிம்மை இறக்கினார். கடைசியாக என் சூட்கேஸைக் கையில் தூக்கிக்கொண்டு, மேலேயிருந்து என்னைப் பார்த்துக் கோபமாகக் கத்தினார்.

"ஏட்டி, உன் சாமானை யாருட்டி இதுல ஏத்தச் சொன்னா?"

ஏற்றச் சொன்னது அவர்தான்.